பாஸ்கெட்பால் பிளேயர்களை சார்ட் போட்டு கம்பேர் பண்றது எப்படி

ரெண்டு பிளேயர்ல யார் பெருசுன்னு பேச்சு வந்தா எல்லாரும் முதல்ல எடுத்துப் போடுறது ஒரு கேமுக்கு எத்தனை பாயிண்ட்ஸ்ங்கிற நம்பரைத்தான், அதை அப்படியே பார் சார்ட்டா போட்டா சண்டை இன்னும் பெருசாகுமே தவிர ஒண்ணும் தெளியாது. எவ்ளோ நேரம் ஆடினார், எத்தனை ஷாட் எடுத்தார்ங்கிறதெல்லாம் அந்த ஒரே நம்பருக்குள்ள மறைஞ்சு கிடக்கு. அதனால சார்ட் போடுறதுக்கு முன்னாடி நம்பரை சமப்படுத்துங்க, பாதி வேலை அங்கேயே முடிஞ்சுடும்.

என்பிஏல (அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்) 1961-62 சீசன்ல வில்ட் சேம்பர்லின் ஒரு கேமுக்கு 50.4 பாயிண்ட்ஸ், 1986-87ல மைக்கேல் ஜோர்டன் 37.1, 2018-19ல ஜேம்ஸ் ஹார்டன் 36.1. மூணு பாரையும் பக்கத்து பக்கத்துல வச்சா வில்ட் எங்கேயோ உயரத்துல நிப்பார். ஆனா அவர் ஆடினது சராசரியா 48.5 நிமிஷம், கேமே 48 நிமிஷம்தான், ஓவர்டைமும் சேர்ந்ததால அவ்ளோ வருது! ஜோர்டன் 40 நிமிஷம், ஹார்டன் 36.8. இப்ப எல்லாரையும் 36 நிமிஷ கணக்குக்கு கொண்டு வர, பாயிண்ட்ஸை நிமிஷத்தால வகுத்து 36ஆல பெருக்குங்க, அதே வரிசையில 37.4, 33.4, 35.3ன்னு வரும். வில்ட் இன்னும் முதல்லதான், ஆனா அந்த பெரிய இடைவெளி போச்சு, ஹார்டன் ஜோர்டனையே தாண்டிட்டார். வேற வேற காலத்து ஆளுங்கன்னா ஆட்டத்தோட வேகமும் மாறும், அதுக்கு 100 பொசெஷனுக்கு (டீம் கையில பந்து வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு பொசெஷன்) எத்தனைன்னு பாக்குறது இன்னும் நல்லது. பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் சைட்ல 36 நிமிஷ டேபிள், 100 பொசெஷன் டேபிள் ரெண்டும் ரெடியா இருக்கு (வில்டோட அந்த சீசனுக்கு மட்டும் 100 பொசெஷன் கணக்கு இல்ல), காப்பி பண்ணி எக்செல்லயோ கூகுள் ஷீட்ஸ்லயோ போட்டுக்கலாம்.

அப்படி போடும்போது காலி கட்டத்துல 0 போட்டுடாதீங்க. ஸ்டீல் (எதிரிகிட்டேருந்து பந்தை பறிக்கறது), பிளாக் (ஷாட்டை தடுக்கறது) கணக்கு 1973-74லதான் ஆரம்பிச்சது, தூரத்துலேருந்து போட்டா மூணு பாயிண்ட் தர்ற த்ரீ பாயிண்ட் லைன் என்பிஏக்கு வந்தது 1979-80ல. வில்டுக்கு பிளாக் 0ன்னு சார்ட் காட்டினா அது பொய்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்கேட்டர் சார்ட்தான் (ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி), ஏன்னா ஒருத்தர் எவ்ளோ சுமை தூக்கினார், அதை எவ்ளோ நல்லா பண்ணார்ங்கிற ரெண்டும் ஒரே படத்துல தெரியும். கீழ் அச்சுல ஒரு கேமுக்கு எடுத்த ஷாட், நிமிர்ந்த அச்சுல ட்ரூ ஷூட்டிங் சதவீதம், அதாவது எடுத்த முயற்சிக்கு எவ்ளோ நல்லா பாயிண்ட்ஸ் எடுத்தார்ங்கிறது. ட்ரூ ஷூட்டிங் கணக்கு ஈஸிதான், எடுத்த ஷாட்டோட ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44ஆல பெருக்கி கூட்டுங்க, வந்ததை ரெண்டால பெருக்கி அதால பாயிண்ட்ஸை வகுத்து 100ஆல பெருக்குங்க, த்ரீயும் ஃப்ரீ த்ரோவும் எல்லாம் இதுக்குள்ள வந்துடும். 2016-17 எம்விபி (சீசனோட சிறந்த பிளேயர் அவார்ட்) சண்டையை இதுல போட்டுப் பாருங்க. ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 24.0 ஷாட், 31.6 பாயிண்ட்ஸ், ட்ரூ ஷூட்டிங் 55.4. ஹார்டன் 18.9 ஷாட், 29.1 பாயிண்ட்ஸ், 61.3. லீக் சராசரி அந்த வருஷம் 55.2, அதுக்கு குறுக்கே ஒரு கோடு போட்டா வெஸ்ட்புரூக் வலது ஓரத்துல கிட்டத்தட்ட கோட்டு மேலேயே உக்காந்திருப்பார், ஹார்டன் இடது பக்கம் தள்ளி நல்ல உயரத்துல இருப்பார். எம்விபி கிடைச்சது வெஸ்ட்புரூக்குக்கு, சீசன் முழுக்க ட்ரிபிள் டபுள் சராசரி வச்சிருந்தாரே, அதாவது பாயிண்ட்ஸ், ரீபவுண்ட் (தவறின ஷாட்ல பந்தை பிடிக்கறது), அசிஸ்ட் (கூட்டாளி கூடை போட பாஸ் குடுக்கறது) மூணுமே கேமுக்கு 10க்கு மேல. இந்த சார்ட்ல ரீபவுண்டும் அசிஸ்டும் இல்ல, அதனால இதை மட்டும் காட்டி அவார்ட் தப்புன்னு சொல்லக்கூடாது, ஷூட்டிங் பத்தி மட்டும் பேசுங்க.

ரேடார் சார்ட் (நடுவுலேருந்து பல அச்சு கிளம்பி சிலந்தி வலை மாதிரி இருக்கறது) பாக்க அழகா இருக்கும், ஆனா அச்சுகளை மாத்தி அடுக்கினாலே உள்ள இருக்கற பரப்பு மாறிடும், அதனால யார் வலை பெருசுன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. போட்டே ஆகணும்னா நேரடி நம்பர் வேண்டாம், அதே பொசிஷன் ஆளுங்களுக்குள்ள பர்சன்டைல் (நூத்துக்கு எத்தனை பேரை விட மேலங்கிறது) எடுத்து போடுங்க.

கேரியரை கம்பேர் பண்ண லைன் சார்ட் போதும், கீழ வருஷத்துக்கு பதிலா வயசு போடுங்க. ஒரே சீசன்னா 10 கேம் நகரும் சராசரி (ஒவ்வொரு கேம்லயும் கடைசி 10 கேமோட சராசரி) போட்டா ஏத்த இறக்கம் தெளிவா தெரியும்.

பார் சார்ட்னா அச்சு 0லதான் ஆரம்பிக்கணும். 24ல ஆரம்பிச்சா 27 பாயிண்ட்ஸ் பார் 25 பாயிண்ட்ஸ் பாரை விட மூணு மடங்கு உயரமா தெரியும். ஸ்கேட்டர்ல இந்த கட்டாயம் இல்ல, ஆனா கொஞ்ச நிமிஷமே ஆடினவங்களை ஃபில்டர் பண்ணி எடுத்துடுங்க, இல்லன்னா நாலு ஷாட் போட்டு நாலும் விழுந்த ஆள்தான் உச்சியில நிப்பார்.