ஏ32: ஒருமுறையாவது பூநகரியால் போங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற எங்களில் பலர், கண்டி–யாழ்ப்பாணம் பெருவீதியான ஏ9 வீதியால் வந்து ஏ9 வீதியாலேயே திரும்பிவிடுகிறோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வான் ஒன்றைப் பிடித்து ஏறினால், விடிய யாழ்ப்பாணம். திரும்பும்போதாவது ஒரு பகலை ஒதுக்கி, ஏ32 வீதியால் மன்னாருக்குப் போய் அங்கிருந்து கொழும்புக்கு இறங்குங்கள்.

நாவற்குழியில் ஏ9ஐ விட்டுப் பிரியும் இந்த வீதி தனங்களப்பு, கேரதீவு தாண்டி, கடல்நீரேரியைக் கடந்து பூநகரியில் ஏறுகிறது. பிறகு முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று மேற்குக் கரைப் பக்கமாகவே மன்னார் வரைக்கும் போகிறது. நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். காலையிலேயே வெளிக்கிடுங்கள்.

முதலில் நிற்க வேண்டிய இடம் சங்குப்பிட்டிப் பாலம். 288 மீற்றர் நீளம். 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முந்திய காலத்தில் இங்கே பாதை ஓடியது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். இங்கே பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. பார்க்க ஆசையென்றால் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் இப்போதும் ஒன்று ஓடுகிறது.

போர்க்காலத்தில், தரைவழி வாசலான ஆனையிறவால் போகமுடியாமல் போனபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனத்துக்கு மிஞ்சியிருந்த முக்கிய வழி இந்தக் கேரதீவு–சங்குப்பிட்டித் துறைதான். 1991இல் பூநகரியை இராணுவம் பிடித்ததும் அதுவும் அடைபட்டது. பிறகு சனம் கடல்நீரேரிக் கரையிலுள்ள கிளாலியில், இருட்டில், வள்ளம் ஏறியது. அந்தக் கடலில் போன உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1993 நவம்பரில் பூநகரி முகாம்மீது புலிகள் பெருந்தாக்குதல் நடத்தினார்கள். 2008 நவம்பரில் பூநகரி மறுபடியும் இராணுவத்தின் கைக்குப் போனது.

அம்மாவோடு போனபோது கேரதீவுப் பக்கத்தில் வானை நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தண்ணீர்க் கரைவரை நடந்தார். "இதிலைதான் சைக்கிளோடை வரிசையிலை நிண்டனாங்கள். காத்து எழும்பினால் பாதை வராது, பின்னேரம் வரைக்கும் வெயில்தான்," என்றார். வானில் ஏறியதும், பாலத்தில் மெதுவாகப் போகச்சொல்லிச் சாரதியிடம் கேட்டுக்கொண்டார். இந்தத் துறையைக் கடந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழிகாட்டிப் பலகையில் இல்லாததை அவர்கள் சொல்லுவார்கள்.

பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய சின்னக் கோட்டை ஒன்று சிதைந்து நிற்கிறது. அரை மணித்தியாலம் போதும். அதைவிட, ஊரில் யாரிடமாவது மொட்டைக்கறுப்பன் அரிசி கேட்டு வாங்குங்கள். பூநகரி மண்ணின் பழைய சிவப்பு நெல். கஞ்சி வைத்தால் வாசம் தெரியும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால் அந்த நாட்டுச் சுங்க விதியை முதலே பாருங்கள்.

மன்னாருக்குச் சற்று முன்னால் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பக்கத்திலேயே பாலாவித் தீர்த்தம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இன்று இருப்பது பின்னர் எழுந்தது. மதியம் நடை சாத்துமுன் போய்ச்சேருங்கள். மன்னார்த் தீவுக்குள் பள்ளிமுனையில் பெரிய பெருக்கமரம் (பாவோபாப்) நிற்கிறது. பிள்ளைகள் எல்லாரும் கைகோத்து நின்று அதன் சுற்றளவைப் பார்க்கட்டும்.

யாழ்ப்பாணத்திலேயே எண்ணெய் நிரப்புங்கள்; தண்ணீரும் கைக்காசும் வைத்திருங்கள். சொந்தமாக ஓடுவதற்கு வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது, இலங்கையில் அதற்கான அனுமதி எடுக்கவேண்டும். பொழுதுபட்டால் மாடுகள் வீதியில் படுத்துக்கிடக்கும், மன்னார்ப் பக்கம் கழுதைகளும் நிற்கும். ஆகவே வெளிச்சத்தோடு போய்ச்சேருங்கள். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டால் வீதியை விட்டு ஓரடியும் இறங்கவேண்டாம்.

வாகனம் பிடிக்க வசதியில்லையென்றால் யாழ்ப்பாணம்–மன்னார் பஸ் இதே வீதியால்தான் போகிறது. வலப்பக்க யன்னலோரம் இடம்பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்.