"இது ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள்: கல்லும் நகையும் பார்த்து வாங்கும் முறை

வளையத்தில் விரிசல் விட்ட ஒரு மோதிரத்தைப் பற்ற வைத்துத் தரச் சொல்லி ஓர் அம்மா கொண்டுவந்தார். நடுவில் நல்ல சிவப்பில் ஒரு மாணிக்கம். மாணிக்கம் சூடு தாங்கும், நாங்கள் பயன்படுத்தும் நீர்த்த அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. அதனால் கல்லைக் கழற்றாமலே பற்ற வைத்தேன். கருத்துப்போன தங்கத்தைச் சுத்தம் செய்ய, வழக்கம்போல அமிலக் கரைசலில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் கல்லின் மேல்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது.

அது மாணிக்கம்தான். ஆனால் உள்ளே இருந்த வெடிப்புகளில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியைத்தான் சூடும் அமிலமும் அரித்திருந்தன. வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காதது என் தப்பு. அதை அவரிடம் சொன்னபோது அவர் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "அப்போ இது ஒரிஜினல் இல்லையா?"

கல் பதிக்கும் மேசையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு இன்றும் முடியாது. ஏனென்றால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது என்ன கல்? மண்ணில் விளைந்ததா, ஆய்வகத்தில் வளர்த்ததா? விளைந்த பிறகு அதற்கு என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்? அந்த அம்மாவின் கல் முதல் இரண்டிலும் தேறிவிட்டது. மூன்றாவதில் விழுந்தது. விற்றவர் "ஒரிஜினல் மாணிக்கம்" என்று சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் மூன்றிலும் தேறிய கல்லின் விலையை வாங்கியிருந்தார்.

முதலில் பெயர்

பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்பக்கத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. உண்மையில் அது மாணிக்கம் இல்லை, ஸ்பினல் என்ற வேறு கல். ஸ்பினலும் அருமையான கல்தான், ஆனால் அதன் விலை வேறு. நிறத்தை வைத்துப் பெயர் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் உண்டு. புஷ்பராகம் என்று ஒருவர் மஞ்சள் சஃபையரை, அதாவது நீலக்கல் இனத்திலேயே மஞ்சளாக இருப்பதைச் சொல்வார், இன்னொருவர் டோபாஸ் என்ற வேறு கல்லைச் சொல்வார். இரண்டுக்கும் விலையில் ஏகப்பட்ட வித்தியாசம். அதனால் புஷ்பராகம் கேட்டால், "சஃபையரா, டோபாஸா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். காரட் என்ற சொல்லும் அப்படித்தான். கல்லுக்கு அது எடை: 5 காரட் என்றால் 1 கிராம். தங்கத்துக்கு அது தரம்: சுத்தத் தங்கம் 24 காரட்.

பதிக்காத கல், கொஞ்சம் பெரியதாக இருந்தால், பெயரை நீங்களே சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுத்தால் கல்லின் அடர்த்தி கிடைக்கும். 2 கிராம் எடையுள்ள மஞ்சள் கல் என்று வைத்துக்கொள்வோம். சஃபையர் என்றால் தராசு 0.50 காட்டும், டோபாஸ் என்றால் 0.57, சிட்ரின் என்ற இன்னொரு மஞ்சள் கல் என்றால் 0.75. சின்னக் கல்லுக்கு இந்தத் தராசு போதாது, கணக்கு தடுமாறும்.

கல் பதிக்காத கெட்டி மோதிரத்துக்கும் இதே முறைதான். 10 கிராம் 22 காரட் தங்கம் சுமார் 0.56 காட்டும். பித்தளைக்கு முலாம் பூசியிருந்தால் அதன் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். உள்ளே காற்று நிற்கும் கூடு நகைக்கு இது ஒத்துவராது. டங்ஸ்டனின் அடர்த்தி கிட்டத்தட்ட சுத்தத் தங்கத்தின் அடர்த்தியே என்பதால், கட்டித் தங்கம் என்று சொல்லி விற்பதை இதை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது.

லென்ஸில் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் அதைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். லென்ஸ் கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும். கல்லைத்தான் அதன் அருகே, ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து வையுங்கள். கை ஆடாமல் இருக்க, லென்ஸ் பிடித்த கை கன்னத்திலும் கல் பிடித்த கை அதன் மேலும் தாங்கட்டும். கல்லைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், தூசி உள்ளே இருக்கும் புள்ளிபோல ஏமாற்றும்.

உருண்டையான குமிழிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடியிலும், தீச்சுடரில் வளர்த்த கல்லிலும், கண்ணாடி நிரப்பிய வெடிப்புகளிலும் அவை வரும். பட்டைகள் சேரும் விளிம்பு மழுங்கி, சோப்புக் கட்டிபோல வழுவழுவென்று இருந்தால் அது பெரும்பாலும் கண்ணாடி. சிவப்புக் கல்லை மெல்லச் சாய்க்கும்போது வெடிப்பின் மேல் நீல நிற மினுக்கம் ஓடினால் ஈயக் கண்ணாடி நிரப்பியது. நான் அன்று பார்க்கத் தவறியது அந்த மினுக்கத்தைத்தான்.

வளைந்த கோடுகளையும் தேடுங்கள். 1902இல் வெர்நாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அலுமினாத் தூளை (அலுமினியம் ஆக்சைடு) தீச்சுடர் வழியாகத் தூவி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அப்படி வளர்ந்த கல்லுக்குள் இசைத்தட்டின் கோடுகள்போல மெல்லிய வளைவுகள் தெரியும். மண்ணில் விளைந்த கல்லில் நிறப்பட்டைகள் நேராகவோ கோணமாகவோதான் ஓடும், வளையாது. அந்த ஆண்டையும் மனதில் வையுங்கள். "பாட்டி காலத்து நகை, அப்போ எல்லாம் செயற்கைக் கல் ஏது?" என்று நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. பாசத்தோடு வைத்திருந்த மோதிரத்தில் அந்த வளைவுகளைப் பார்க்கும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குறை இருக்கிற கல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். மரகதத்தில் உள்ளே கீறலும் நீர்த்துளியும் இருப்பதுதான் இயல்பு. பெரிதாகவும் பளிங்குபோலவும் இருக்கிற மரகதம் மலிவாகக் கிடைத்தால்தான் யோசிக்க வேண்டும்.

வைரத்துக்கு வந்தால், வெப்பம் கடத்துவதை வைத்துச் சொல்லும் பேனா போன்ற கருவியை முழுதாக நம்பாதீர்கள். வைரம்போலவே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லையும் அது வைரம் என்றே காட்டும். லென்ஸில் மொய்சனைட்டை நேர் மேலிருந்து பார்க்காமல் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லப்படும் செயற்கைக் கல் (க்யூபிக் சிர்கோனியா) வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். நன்றாகப் பட்டை தீட்டிய வட்ட வைரம் 6.5 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால் சுமார் 1 காரட் எடை வரும். பதித்த நகையில் சொல்லும் எடை சரியா என்று பார்க்கவும் இந்த அளவு உதவும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமோ வைரமேதான். லென்ஸும் பேனாவும் அதைப் பிரித்துச் சொல்லாது, நானும் கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டேன். ஆய்வகச் சோதனைதான் வழி.

கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது, வாயால் ஊதிப் பார்ப்பது இதெல்லாம் வேண்டாம். குவார்ட்ஸ் என்ற சாதாரணப் படிகக்கல்லே கண்ணாடியைக் கீறிவிடும். சுத்தியலால் தட்டுவது அதைவிட மோசம்: வைரம் கீறலைத் தாங்கும், ஆனால் சரியான திசையில் அடி விழுந்தால் பிளந்துவிடும்.

என்ன செய்திருக்கிறார்கள்?

விலை உண்மையில் இங்கேதான் ஏறி இறங்குகிறது. மாணிக்கத்தையும் நீலக்கல்லையும் சூடாக்கி நிறம் கூட்டுவது பழைய வழக்கம், அது நிலையானது, தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்டது. சொல்லிவிட்டு விற்றால் தப்பே இல்லை. சூடு காட்டாத நல்ல கல் அரிது, அதனால் விலை அதிகம். மரகதத்தில் எண்ணெய் ஏற்றுவதும் அப்படித்தான், ஆனால் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பது முக்கியம். அந்தக் கல்லை மீயொலிக் கருவியில் கழுவினால் எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த கீறல் எல்லாம் தெரியும். கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்துக்கு நீங்கள் காரட் கணக்கில் கொடுக்கும் பணத்தில் கண்ணாடியின் எடையும் சேர்ந்திருக்கிறது. பெரிலியம் போன்ற தனிமத்தைச் சூட்டில் உள்ளே செலுத்தி நிறம் வரவைத்த சஃபையரும் வெறுமனே சூடாக்கியதைவிட மிகக் குறைந்த விலைக்கே போக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகக் கருவி வேண்டும்.

ஆகவே விலை உயர்ந்த கல் என்றால் சான்றிதழ் கேளுங்கள். விற்பவரே அச்சடித்துத் தரும் அட்டை போதாது, அவரைச் சாராத ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். வைரத்துக்கு அமெரிக்காவின் ஜிஐஏ, நிறக்கல்லுக்கு சுவிட்சர்லாந்தின் கூபலின், எஸ்எஸ்இஎஃப் போன்றவை. அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்திலேயே போட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் எடையும் நீள அகலமும் கையில் இருக்கும் கல்லோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள். நல்ல அறிக்கையை வேறு கல்லோடு சேர்த்துத் தருவது நடக்கிற காரியம். காஷ்மீர், பர்மா, கொலம்பியா என்று ஊர்ப்பெயர் சொல்லி விலை ஏற்றினால், அந்தப் பெயர் அறிக்கையில் இருந்தால் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள்.

விலைக் கணக்கு

நகையை மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: தங்கம், கல், கூலி. மொத்தமாக ஒரு விலை சொன்னால் எங்கே ஏறியிருக்கிறது என்று தெரியாது. ஒரு நகை 10 கிராம். அதில் 5 காரட் கல், அதாவது 1 கிராம். தங்கம் 9 கிராம்தான். 22 காரட் என்றால் 916 முத்திரை இருக்கும், ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம். 9ஐ 0.916ஆல் பெருக்கினால் 8.24 கிராம். அன்றைய 24 காரட் விலையை இதோடு பெருக்குங்கள், அதுதான் தங்கத்தின் மதிப்பு. 18 காரட் என்றால் 750 முத்திரை, முக்கால் பங்குதான் தங்கம். கல்லின் எடையைக் கழிக்காமல் 10 கிராமுக்கும் தங்க விலை போட்டு, கல்லுக்குத் தனியாகவும் விலை போட்டால் அந்தக் கல்லுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள். பின்பக்கம் மூடிய க்ளோஸ் செட்டிங்காக இருந்தால் உள்ளே அரக்கு இருக்கும், அதன் எடையையும் கேளுங்கள். கூலி, சேதாரத்தைச் சதவீதத்தில் சொன்னால் எந்தத் தொகையின் மேல் என்றும் கேளுங்கள்.

கல்லின் விலையை எப்போதும் ஒரு காரட்டுக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். எடை இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், பெரிய கல் அரிது என்பதால். வைரத்தில் 0.95 காரட்டுக்கும் 1.00 காரட்டுக்கும் பார்வையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, விலையில் நன்றாகத் தெரியும். நான் என்றால் 0.95 எடுப்பேன். கடை விளக்கில் எல்லாமே ஜொலிக்கும், அதனால் ஜன்னல் ஓரம் போய், எழுத்து உள்ள வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஓட்டைபோல வெளிறி, அடியில் இருக்கும் எழுத்து தெரிந்தால் பட்டை சரியில்லை, விலை குறைய வேண்டும்.

கடைசியில், பணம் எடுக்கும் முன் இரண்டு விஷயம். "இதையே அடுத்த மாதம் திரும்பக் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். தங்கத்துக்குத் தெளிவான பதில் வரும். கல்லுக்குப் பதில் இழுபட்டால், அந்தக் கல்லின் விலையில் எவ்வளவு லாபம் என்பது உங்களுக்கே புரியும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கு இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அப்புறம் பில்லில் 'ஒரிஜினல்' என்று எழுத விடாதீர்கள். "இயற்கை மாணிக்கம், சூடாக்கியது, கண்ணாடி நிரப்பு இல்லை, 2.15 காரட்" என்று எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் எதை எழுதத் தயங்குகிறாரோ, அது இந்தக் கல்லுக்குப் பொருந்தாது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அந்த அம்மாவுக்கு வேறு மாணிக்கம் என் செலவில் பதித்துக் கொடுத்தேன். சின்னக் கல்தான். பதிக்கும் முன் லென்ஸை அவர் கையில் கொடுத்து, சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் பார்த்தார்.