ஹெட்போன் சொருகினால் லேப்டாப் மைக் ஊமை: என் அனுபவம்

தக்கலையில் வீட்டிலிருந்துதான் வேலை, மழை ஓட்டில் கொட்டும்போது ஹெட்போன் இல்லாமல் மீட்டிங்கில் ஒன்றும் கேட்காது. ஆனால் அதைச் சொருகினால் நான் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை, உருவினால் கேட்கிறது. மைக் கெட்டிருந்தால் உருவியதும் எப்படி வேலை செய்யும்?

பிளக்கைப் பார்த்தேன். மூன்று கறுப்பு வளையம், அதாவது நாலு முனை, அதில் மைக்குக்கும் ஒன்று உண்டு. ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளையாக இருக்கும் 3.5 மி.மீ. காம்போ ஜாக்கில் இதைச் சொருகியதும் லேப்டாப் தன் மைக்கை விட்டுவிட்டு வயர் மைக்குக்குத் தாவுகிறது, அந்த வயர் மைக்கோ எப்போதோ செத்துப்போனது.

என்னிடம் இருப்பது லினக்ஸ். ஹெட்போனை மாட்டியபடியே பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற ஒலி அமைப்பு நிரலைத் திறந்து, இன்புட் டிவைசஸ் பக்கத்தில் போர்ட்டை இன்டர்னல் மைக்ரோபோன் என்று மாற்றினேன், கீழே ஒலி அளவைக் காட்டும் பட்டை உடனே துள்ளியது. அவ்வளவுதான். விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் இன்புட்டில் மாற்றிப் பாருங்கள். சில லேப்டாப்களில் சொருகியதும் என்ன மாட்டினீர்கள் என்று ஒரு பெட்டி கேட்கும், அங்கே ஹெட்செட் (மைக்கோடு சேர்ந்தது) வேண்டாம், ஹெட்போன் என்று கொடுங்கள்.

இரண்டு வளையம் மட்டும் உள்ள பிளக் என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது. மார்த்தாண்டத்தில் கடையில் அப்படி ஒன்று கேட்டால், "அது இப்பம் வாறதில்ல" என்கிறார்கள்.