சந்தா தானாகப் புதுப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஸ்டூடியோ, அச்சகம், டியூஷன் வகுப்பு நடத்தி, அடோபி, மைக்ரோசொப்ட் கம்பனிகளின் மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் முதலில் அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். நம்ம பக்கத்தில் பெரும்பாலும் கொம்பியூட்டர் பூட்டித் தந்த தம்பிதான் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் திறந்திருப்பார், பிறகு அவர் கட்டாருக்குப் போயிருப்பார், விலை கூடுது, திட்டம் மாறுது என்று கம்பனி அனுப்புகிற அறிவித்தல் எல்லாம் அவருக்கே போகும், காசு மட்டும் உங்கள் கார்டில் வெட்டுப்படும். ஆளைப் பிடித்து மின்னஞ்சலை உங்களுடையதாக மாற்றுங்கள். இது நடக்காமல் மற்றது எதுவும் சரிவராது.

அப்புறம் கணக்குக்குள் போய் அடுத்து வெட்டும் திகதி, தொகை, நாணயம் மூன்றையும் போன வருடப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். டொலரில் வெட்டினால் கூடுதல் கவனம் வேண்டும்: 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, கம்பனி விலையைத் தொடாமலே நம்ம செலவு ஏறியது.

வேர்ட், எக்செல் எல்லாம் வருகிற மைக்ரோசொப்ட் 365 சந்தாவில் தானாகப் புதுப்பிப்பதை இன்றைக்கே நிறுத்தி வைக்கலாம், கட்டிய காலம் முடியும்வரை எல்லாம் வேலை செய்யும். நிறுத்தும்போது வரும் பக்கங்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளைச் சேர்த்து விலையைக் கூட்டியபோது, அது இல்லாத பழைய விலைத் திட்டம் இருப்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்று அவுஸ்திரேலிய நுகர்வோர் ஆணைக்குழு 2025 ஒக்டோபரில் வழக்குப் போட்டது. நிறுத்தப் போனவர்களுக்குத்தான் அந்தத் திட்டம் கண்ணில் பட்டதாம். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அடோபியில் வருடத் திட்டத்தை மாதாமாதம் கட்டுகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். சந்தா தொடங்கி 14 நாளுக்குப் பிறகு இடையில் விட்டால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தை மறைத்தார்கள் என்று 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவே வழக்குக்குப் போனது. ஆகவே வருடம் முடிகிற திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்கு முன் முடிவெடுங்கள்.

கார்டை முடக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். கணக்கிலேயே நிறுத்தி, வருகிற உறுதிப்படுத்தலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கம்பனியோடு பேசினாலும் எழுத்தில் பதில் கேளுங்கள்.

365ஐ விடுகிறவர்கள், மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பிடமான வன்டிரைவில் இருக்கிற கோப்புகளை முதலில் வேறு ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள், ஏனென்றால் சந்தா முடிந்ததும் ஒரு டெராபைட் (சுமார் 1000 ஜிபி) இடம் 5 ஜிபியாகச் சுருங்கும். கடிதம், வினாத்தாள் அடிக்க மட்டும் என்றால் லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் இலவசம், தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.