மாற்றிக் கட்டிய அம்பாசடருக்கு செல்ஃப் மோட்டார் வாங்குவது எப்படி?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் இன்னும் ஓடுகிற பழைய அம்பாசடர்கள் பலவற்றில் அந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இருக்காது, இசுசு 1.8 அல்லது ஏதாவது ஒரு டீசல் இறக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு, "அம்பாசடர் செல்ஃப் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கடையில் கேட்டால் வேலைக்கு ஆகாது. செல்ஃப் உட்காருவது பெல் ஹவுசிங்கில் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கூடு), சுற்றுவது ஃப்ளைவீலின் ரிங் கியரை (இன்ஜினின் கனத்த சக்கரத்தின் விளிம்பில் உள்ள பல் வளையம்). இந்த இரண்டும் எந்த வண்டியுடையதோ, அதற்குரிய செல்ஃப்தான் வேண்டும்.

முதலில், பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சந்தேகம் பேட்டரி மேல். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து இன்னொரு முறை அடியுங்கள், அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள் சரியில்லை. கடல் காற்று படுகிற நம்ம ஏரியாவில் கேபிள் முனை பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம்.

சரி, மோட்டார்தான் போச்சு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்குங்கள். பினியனில் (மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) எத்தனை பல், போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், ஹவுசிங்குக்குள் நுழைகிற வட்டத்தின் விட்டம், சுற்றும் திசை, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்து, ஃப்ளைவீலை ஒரு முழுச் சுற்று கையால் திருப்பி ரிங் கியரையும் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் ஒரே இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும், பல் அங்கேதான் தேய்ந்திருக்கும். தேய்ந்த ரிங் கியரில் புது மோட்டாரை மாட்டினால் அதன் பினியனும் சீக்கிரம் போய்விடும்.

பழைய பெண்டிக்ஸ் வகையை (மோட்டார் சுற்றும் வேகத்திலேயே பினியன் தாவிப் பல்லில் மாட்டுவது) எடுத்துவிட்டு, சொலினாய்டு (பினியனைத் தள்ளும் மின்காந்த சுவிட்ச்) மேலேயே உட்கார்ந்திருக்கும் வகைக்கு மாறுகிறீர்களா? ரிங் கியர் பல்லின் சரிவு எந்தப் பக்கம் சீவியிருக்கிறது என்று அவசியம் பாருங்கள், இரண்டு வகைக்கும் அது வேறுபடும். வயரிங்கும் மாறும்: பேட்டரி கேபிள் நேராக மோட்டாருக்கே வரும், எப்போதும் கரண்ட் இருக்கும், அதனால் அது பாடியில் உரசவே கூடாது.

பெட்ரோலுக்கு ஒரு கிலோவாட் அளவு போதும். டீசலுக்கு அழுத்தம் அதிகம், இரண்டு கிலோவாட் பக்கம் பாருங்கள். என் தேர்வு கியர் ரிடக்ஷன் மோட்டார்தான், அதாவது உள்ளே பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற வகை. உருவம் சின்னது, எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும், கரண்ட்டும் குறைவாக இழுக்கும். ஆனால் உள்ளே நிரந்தர காந்தம் உள்ள மோட்டாரை பாசிட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருப்பது) அப்படியே மாட்டினால் தலைகீழாகச் சுற்றும்.

மாட்டியபின், பினியன் ஓய்வாக இருக்கும்போது ரிங் கியருக்கும் அதற்கும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு முறை அடித்துப் பாருங்கள். கீச்சென்று கத்தினாலோ பல் கடித்தாலோ உடனே நிறுத்தி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி அடியுங்கள்.