காது இரைச்சலோடு படுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காதுக்குள் கேட்கும் 'கொய்ங்' சத்தம் பகலில் அவ்வளவாக உறுத்தாது. விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடும். தூக்கம் கெட்டால் மறுநாள் இரைச்சல் இன்னும் தொல்லையாகத் தெரியும், அது அன்றிரவுத் தூக்கத்தையும் கெடுக்கும்.

காதை அடைத்துக்கொண்டு படுப்பது

எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது இதைத்தான். இரைச்சல் வெளியிலிருந்து வருவதில்லை. பஞ்சோ ஃபோம் அடைப்பானோ வெளிச் சத்தத்தை மட்டும் தடுக்கும். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரப்பு உரக்கக் கேட்பதுபோல, வெளிச் சத்தம் குறையக் குறைய மூளை தன் கேட்கும் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது, இரைச்சல்தான் பெரிதாகும். தினமும் அடைத்துப் பழகியவர்களுக்குப் போகப் போகப் பாத்திரம் உருளும் சத்தமே காதைக் குத்தும். பிறகு பகலிலும் அடைக்கத் தொடங்குவார்கள். அங்கிருந்து மீட்பதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அறையில் மெல்லிய, மாறாத சத்தம் ஒன்று இருக்கட்டும். மின்விசிறி போதும்; ஏசி அறையென்றால் போனில் மழைச் சத்தம். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காதீர்கள், அதற்குச் சற்றுக் கீழேயே வையுங்கள். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். இயர்போன் வேண்டாம், போனைக் கட்டிலை விட்டுத் தள்ளி வையுங்கள். அரை மணியில் அணையும் டைமர் வைத்தால் நடுராத்திரி விழிப்பு வரும்போது அறை நிசப்தமாக இருக்கும், விடியும்வரை ஓடட்டும். பாட்டும் பேச்சும் உதவாது, மனம் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

தெருவில் ஒலிபெருக்கி அலறும் ஓரிரவுக்கு அடைப்பான் போடலாம். அதை மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, ஃபோம் விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். பாதிக்கு மேல் வெளியே துருத்தினால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

ஹியரிங் எய்டைச் சாயங்காலமே கழற்றுவது

காதுக்கு ஓய்வு என்று நினைத்து ஏழு மணிக்கே கழற்றினால், படுக்கும்வரை இரைச்சலோடு தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். படுக்கப் போகும்போது கழற்றுங்கள். பட்டன் பேட்டரி என்றால் அதன் மூடியைத் திறந்து வையுங்கள், ஈரம் வெளியேறட்டும்.

மணி பார்ப்பது

கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள்.

காய்ச்சிய எண்ணெய் விடுவது

கூடவே கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் போய்விடும்.

"தூங்கி எழுந்தால் சரியாகும்"

காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் அழுக்கு என்று சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உள்காது நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம் இரண்டையும் மழைச் சத்தம் வைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் காட்டிவிடுங்கள்.