நீங்க நகர்ந்த பிறகும் நிழல் நிக்கிற ஒளிச்சிற்பம், வீட்லயே செய்யலாம்

லைட்டை ஆஃப் பண்ணா வெளிச்சம் டக்குனு போயிடும், ஆனா அது கொஞ்சம் கொஞ்சமா போறத கண்ணால பாக்கணும்னா இருட்டுல ஒளிர்ற பவுடர் வேணும். அத பூசின பலகை முன்னாடி ஆள் நிக்கும்போது ஃப்ளாஷ் அடிச்சா, ஒளி பட்ட இடம் மினுங்கும், நிழல் விழுந்த இடம் கருப்பாவே நிக்கும். கடைல ரெண்டு வகை இருக்கு. 1990கள்ல ஜப்பான்ல நெமோட்டோ கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் மணிக்கணக்குல மினுங்கும், பழைய சிங்க் சல்ஃபைடு சீக்கிரமே மங்கிடும். எல்லாரும் முதல் வகைய தான் வாங்க சொல்வாங்க, ஆனா ஒளி மறையறது தான் விஷயம்னா சிங்க் சல்ஃபைடு தான் சரினு நான் சொல்வேன்.

ஆள் உயர ப்ளைவுட்டை லேசா வளைச்சு நிறுத்தி முதல்ல வெள்ளை ப்ரைமர் அடிங்க, அப்போ தான் ஒளி முன்பக்கம் திரும்பி வரும். பவுடர கிளியர் வார்னிஷ்ல கலந்து அது மேல அடிங்க, தண்ணி பெயின்ட் வேணாம், முக்கியமா ஸ்ட்ரான்ஷியம் வகை வாங்கியிருந்தா ஈரத்துல கெட்டுடும். பவுடர் கனம், அடியில போய் உக்காந்துக்கும், அதனால அடிக்கும்போதே குச்சியால கலக்கிட்டே இருங்க, மாஸ்க் கட்டாயம். யூவி (புற ஊதா ஒளி) தடுக்கற வார்னிஷ் வாங்கிடாதீங்க, பவுடர்ல ஒளி சரியா சார்ஜ் ஏறாது.

இப்ப லைட். எல்இடி ஸ்ட்ரிப் போட்டா நிழல் கலங்கலா தான் விழும், நிழல் வெட்டுன மாதிரி விழணும்னா ஒரே புள்ளிலேர்ந்து ஒளி வரணும், அதனால 10 வாட் யூவி எல்இடி சிப் ஒன்னு, 395 நானோமீட்டர் பக்கம், சூட்டை இழுக்கற ஹீட் சிங்க்கோட, மின்னோட்டத்த ஒரே அளவுல வச்சிருக்கற கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவரோட வாங்கி ஆளுக்குப் பின்னாடி ரெண்டு மீட்டர் தள்ளி வைங்க. பலகை மேல, ஆள் எவ்ளோ தூரத்துல இருக்காருனு ஒலியால அளக்கற அல்ட்ராசோனிக் சென்சார், அத கேட்டு வேலை செய்யற ஆர்டுயினோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, லைட்டை ஆன் ஆஃப் பண்ற ரிலே சுவிட்ச். ஆள் ஒரு மீட்டருக்குள்ள வந்து நின்னா ரெண்டு செகண்ட் ஃப்ளாஷ், அவ்ளோதான். யாரும் சிப்பை நேரா பாக்கக்கூடாது, முதுகு காட்டி பலகைய பாத்து தான் நிக்கணும், குழந்தைங்க இருந்தா கூடவே இருங்க.

கோட்ல முக்கியம் காத்திருக்கறது தான். ஒரு ஃப்ளாஷுக்கு அப்புறம் சில நிமிஷம் சென்சாரையே கேக்காத மாதிரி எழுதுங்க, இல்லனா ஆளுங்க மாத்தி மாத்தி வந்து ஃப்ளாஷ் அடிச்சிட்டே இருப்பாங்க, எதுவும் மறையவே மறையாது. ஆர்டுயினோ மேல இருக்கற குட்டி லைட்டுக்கும் கருப்பு டேப் ஒட்டுங்க, இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு அதுவே தொந்தரவு.

இன்னொன்னு, பக்கத்துல ஒரு ஹேர் டிரையர் வைங்க. சூடு பட்ட இடம் முதல்ல பளிச்சுனு ஆகி, மத்த இடத்துக்கு முன்னாடியே அணைஞ்சிடும், ஏன்னா ஒளி பட்டப்போ பவுடருக்குள்ள மாட்டிக்கிட்ட எலக்ட்ரான்கள வெளிய தள்றதே வெப்பம் தான்.